மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரும் தோல் புற்றுநோயும்

(கோபாலபுரத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இச்சொற்பொழிவின் பொருளைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தை அறக்கட்டளையின் நிர்வாகிகள் எனக்கே அளித்திருந்தார்கள். சிறுநீரக மாற்றுச் சிகிச்சையைப் பற்றிப் பேச வருகிறவர் உறுப்பு தானத்தைப் பற்றியோ, இரத்த அழுத்தத்தைப் பற்றியோ, உணவுப் பத்தியத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கமாக இருக்க, நான் தோலைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று தெரிவித்தபோது சிலருக்கு வியப்பு ஏற்பட்டிருக்கலாம். சிறுநீரகம் வயிற்றுக்குள் இருப்பது, தோல் மேனியின் மேலிருப்பது. இவ்விரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி இயல்பானதே. ஆயினும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களை நெடுங்காலம் கண்காணித்துவந்த மேலைநாட்டு வைத்தியர்கள், அவர்களிடையே பிற்காலத்தில் தோன்றும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது தோலில் தோன்றுவதே என்று கண்டிருக்கிறார்கள். அதைப் படித்தவர்கள் நம்மவரையும் வெயிலுக்கு அஞ்சி ஒதுங்கச் சொல்கிறார்கள். படியாதவர்களோ, கறுத்த தோல் நமக்கு இருக்கையில் அந்நோய் நம்மை அண்டாது என்று கவலையற்றிருக்கிறார்கள். இவ்விரு கட்சியிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. நம்மவருக்கு இவ்வபாயம் குறைவு என்பது மெய். அது இல்லை என்பது மெய்யன்று. அது வெயில் படும் முகத்திலும் கையிலும் மட்டும் வரும் என்று எண்ணுவதோ, நம்மைப் பொறுத்தவரை, பெரும் பிழை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவே. இதன் காரணங்களைச் சற்று விரித்துக் கூறுவதற்கே எஞ்சிய நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நீண்ட ஆயுளோடு வந்த கேள்வி

1954ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்னும் அறுவை வைத்தியர், இரட்டையராய்ப் பிறந்த சகோதரர் இருவருள் ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் ஆதலால், வந்து சேர்ந்த உறுப்பை அந்நியம் என்று அச்சகோதரருடைய உடல் வெறுத்துத் தள்ளவில்லை. ஆனால் சிறுநீரகம் பழுதுபட்ட ஒவ்வொருவருக்கும் அத்தகைய உடன்பிறப்பு வாய்ப்பதில்லை. எனவே, உடலின் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தி, பிறர் உறுப்பைச் சகித்துக்கொள்ளச் செய்யும் மருந்து வேண்டியிருந்தது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய அசதியோப்ரின், 1960களின் தொடக்கத்தில், பிரெட்னிசலோனோடு சேர்ந்து அத்தேவையை நிறைவேற்றியது. பின்னர் 1978இல் ராய் கால்ன் என்பவர் கேம்பிரிட்ஜில் முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சைக்ளோஸ்போரின் வந்து, மாற்றுச் சிகிச்சையின் நிலையையே மாற்றிவிட்டது.

நம் நாட்டில், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் 1965இல் நடந்த முயற்சியை முன்னோடியாகக் கொண்டு, 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் முதல் வெற்றி கிட்டியது. அதன்பின் சென்னையில் இச்சிகிச்சை பெருகியதும், ஏழைகளின் சிறுநீரகம் விலைபேசப்பட்டு வில்லிவாக்கத்துக்கு அவப்பெயர் ஏற்பட்டதும், அதைத் தடுக்க 1994இல் மத்திய அரசு சட்டம் இயற்றியதும் உங்களுக்குத் தெரிந்த சரித்திரம். 2008ஆம் ஆண்டு செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்னும் இளைஞனின் உறுப்புகளை, வைத்தியர்களான அவனுடைய பெற்றோர் தானமாக அளித்த செய்தி தமிழ்நாட்டையே உருக்கியது. அவ்வாண்டிலேயே அரசின் ஏற்பாட்டில் இறந்தோர் உறுப்பு தானத் திட்டம் உருப்பெற்றது. உறுப்பு தானம் செய்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டதும் உங்கள் நினைவில் இருக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இச்சிகிச்சைக்கும் கைகொடுப்பதால், ஒரு காலத்தில் செல்வந்தருக்கே உரியதாயிருந்த மறுவாழ்வு இன்று கூலித் தொழிலாளிக்கும் எட்டுகிறது.

இச்சரித்திரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாற்றுச் சிறுநீரகம் ஓரிரு வருஷங்களில் செயலிழந்துபோன காலத்தில், இருபதாம் வருஷத்தில் தோலில் என்ன தோன்றும் என்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பொருத்திய உறுப்பு பதினைந்து, இருபது, முப்பது வருஷம் உழைக்கிற காலம் வந்தபோதுதான் இக்கேள்வி பிறந்தது. டென்வர் நகரில் 1960களின் இறுதியில் இஸ்ரேல் பென் என்னும் அறுவை வைத்தியர், உறுப்பு மாற்றம் பெற்றவர்களிடையே காணும் புற்றுநோய்களைத் தொகுத்து வைக்க ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். பின்னர் அது சின்சினாட்டி நகருக்குச் சென்று உலகப் புகழ் பெற்றது. தோல் புற்றுநோயைப் பற்றிய எச்சரிக்கை அத்தகைய பதிவேடுகளிலிருந்தே உலகுக்குக் கிடைத்தது. ஆகவே இவ்வபாயம் சிகிச்சையின் தோல்வியால் வந்ததன்று, அதன் வெற்றியால் வந்தது என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

மருந்து, வெயில், வைரஸ்

நம் தோலின் அணுக்கள் நாள்தோறும் தேய்ந்து, நாள்தோறும் புதிதாய்ப் பிறக்கின்றன. அவ்வாறு பிறக்கையில் சில தடம் புரள்வதும் உண்டு. வயலில் முளைக்கும் களையை உழவன் அன்றாடம் பிடுங்கி எறிவதுபோல, உடலின் எதிர்ப்புச் சக்தி அவற்றைத் தேடிப் பிடித்து அழித்துவிடுகிறது. பிறர் சிறுநீரகத்தைக் காக்க நாம் உண்ணும் மருந்துகள் அவ்வுழவனின் கையை ஓரளவு கட்டிப்போடுகின்றன. களை மண்டுவதற்கு அதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் மருந்துகளின் நேரடிச் செயல். அசதியோப்ரின் உட்கொள்பவருடைய மரபணுவில் அம்மருந்தின் கூறு ஒன்று போய் அமர்ந்துகொள்கிறது. சூரிய கிரணத்தில் உள்ள புற ஊதாக் கதிர்களுள் நீண்ட அலையுடைய, சாதாரணமாக மரபணுவை அதிகம் தாக்காத கதிர்களையும் அது ஈர்த்து, அவ்விடத்திலேயே சேதம் விளைவிக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சைக்ளோஸ்போரினோ, கதிரால் பழுதுற்ற மரபணுவை உடல் செப்பனிடும் வேலையைத் தாமதப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இவ்விரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்ற முதல் வகுப்பிலேயே சேர்த்திருக்கிறது. இக்காலத்தில் பெரிதும் வழங்கும் மைக்கோபீனலேட், தோலைப் பொறுத்தவரை அசதியோப்ரினைவிடச் சாதுவானது.

மூன்றாவது காரணம் வைரஸ்கள். மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் நம்மில் பெரும்பாலோருடைய தோலில் ஓசையின்றி வாழ்கிறது. எதிர்ப்புச் சக்தி தாழ்ந்த உடலில் அது தலைதூக்கி, கைகால்களில் கொத்துக் கொத்தாக மருக்களை எழுப்புவதோடு, அதன் சில வகைகள் புற்றுக்கும் வழிகோலுகின்றன. மற்றொரு வைரஸினால் உண்டாகும் கபோசி சர்க்கோமா என்னும் கருஞ்சிவப்புக் கட்டி, சௌதி அரேபியாவில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களிடையே முக்கியமான புற்றுநோயாகப் பதிவாகியிருக்கிறது. ஆக, வெயில் ஒன்றையே குற்றவாளியாக நிறுத்துவது நியாயமன்று. வெயிலே படாத இடத்திலும் மருந்தும் வைரஸும் சேர்ந்து வேலை செய்ய முடியும்.

மேலைநாட்டு அனுபவம்

வெள்ளைத் தோலினரிடையே இந்நோய் எவ்வளவு பரவலானது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலமே சாட்சி. அங்கே வெயில் கடுமை. குடியேறியவர்களோ வடக்கு ஐரோப்பியச் சந்ததியார். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களைப் பற்றி 1996இல் வெளிவந்த ஆய்வின்படி, பதினோராம் வருஷத்துக்குள் 100க்கு 45 பேருக்கும், இருபதாம் வருஷத்துக்குள் 70 பேருக்கும் தோல் புற்றுநோய் தோன்றியிருந்தது. வெயில் மந்தமான நெதர்லாந்தில்கூட இருபதாம் வருஷத்தில் அது 100க்கு 40 ஆக இருந்தது. பொதுமக்களிடையே அடித்தள அணுப் புற்று என்னும் மெதுவான வகையே மிகுதி. உறுப்பு மாற்றம் பெற்றவர்களிடையே அந்த விகிதம் தலைகீழாகி, வேகமாக வளர்ந்து நிணநீர்க் கட்டிகளுக்கும் பரவக்கூடிய செதிள் அணுப் புற்று முந்திக்கொள்கிறது. இவ்வகை, பொதுமக்களைவிட இவர்களுக்கு 65 மடங்கு முதல் 250 மடங்குவரை அதிகம் என்று ஐரோப்பியக் கணக்குகள் கூறுகின்றன. இந்த எண்களைக் கேட்டு நம்மவர் திகிலடைய வேண்டியதில்லை. இவை வெள்ளைத் தோலுக்கு உரிய கணக்கு.

நம் தோலின் கதை

மெலனின் என்னும் கருநிறமி இயற்கை நமக்கு அளித்த குடை. கறுப்பினத்தவரின் மேல்தோலும் வெள்ளையரின் மேல்தோலும் கதிரை எவ்வளவு தடுக்கின்றன என்று அளந்து பார்த்தவர்கள், முன்னதற்கு 13.4 என்றும் பின்னதற்கு 3.4 என்றும் காப்பு எண் கண்டார்கள். தமிழருடைய மேனி பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. நம் நாட்டு மருத்துவமனைகளில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களின் தோலைப் பரிசீலித்தவர்கள் பெரிதும் கண்டவை தொற்றுகளே: தேமல், படர்தாமரை, அக்கி, மரு என்று நாம் வீட்டில் பெயர் சொல்லி அழைக்கும் பழைய விருந்தாளிகள். புற்று அங்கே அபூர்வம்.

ஆனால் அபூர்வமாக வரும் புற்று எங்கே வருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், உறுப்பு மாற்றம் பெற்றவர்களில் வெள்ளையர் அல்லாதாரை உச்சி முதல் உள்ளங்கால்வரை பரிசோதித்து, 2016இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அவ்வாறு பார்க்கப்பட்ட 259 பேரில் 15 பேருக்குத் தோல் புற்று இருந்தது. கறுப்பினத்தவருக்குக் கண்ட செதிள் அணுப் புற்றுகள் வெயிலே படாத மறைவிடங்களில், மரு வைரஸின் சம்பந்தத்தோடு இருந்தன; ஆசியருக்கோ பெரும்பாலும் வெயில் படும் இடங்களில், அதிலும் பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நாடுகளிலிருந்து வந்தவர்களிடம் இருந்தன. நம்மைப் போன்ற இடைநிறத்தார் இவ்விரண்டு பாடங்களையும் சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது.

புற்று வெயிலை மட்டும் நம்பி வருவதில்லை என்பதற்கு மாற்றுச் சிகிச்சைக்கு முந்தைய இந்திய வைத்திய வரலாறே போதிய சான்று தரும். காஷ்மீரத்தார் குளிருக்காக ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரி என்னும் கணப்புச் சட்டியின் சூடு, வயிற்றிலும் தொடையிலும் புற்றை உண்டாக்குவதை 19ஆம் நூற்றாண்டிலேயே வைத்தியர்கள் எழுதிவைத்தார்கள். இடுப்பில் வேட்டியும் பாவாடை நாடாவும் ஆண்டுக்கணக்கில் இறுகி உராயும் தடத்தில் தோன்றும் புற்றையும் இந்திய அறுவை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தீப்புண் ஆறிய பழந்தழும்பிலும், நாட்பட்ட ஆறாப் புண்ணிலும் அது எழுவது அனைவரும் அறிந்ததே. மெலனோமா என்னும் கருநிறப் புற்று வெள்ளையருக்கு முதுகிலும் கணைக்காலிலும் வருவதுபோல் நமக்கு வருவதில்லை. நமக்கு அது உள்ளங்காலிலும், நகத்தின் அடியிலும் வருகிறது. செருப்பின்றி நடந்து பழகிய மக்கள், உள்ளங்காலில் கறுத்துத் தடித்த ஒன்றைக் கால் ஆணி என்று எண்ணி, பிளேடால் சீவியும், கடையில் வாங்கிய பிளாஸ்திரியை ஒட்டியும் மாதக்கணக்கில் காலம் கடத்துகிறார்கள். எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்திய உடலில் அந்தத் தாமதத்துக்குக் கொடுக்கும் விலை மற்றவர் கொடுப்பதைவிடப் பெரிது.

இதில் மற்றொரு சங்கடமும் உண்டு. நம் வெளிநோயாளர் பிரிவுகளில் கூட்டம் அதிகம். வைத்தியர் கிரியாட்டினின் எண்ணைப் பார்ப்பார், இரத்த அழுத்தத்தை அளப்பார், மாத்திரைச் சீட்டை எழுதுவார். சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. நோயாளிக்கோ, குறிப்பாக நம் பெண்மணிகளுக்கு, மறைவிடத்தில் மரு இருக்கிறது என்று சொல்ல நாணம் தடையாகிறது. வெயில் படாத இடமே நமக்கு முக்கியமென்றால், பார்க்கப்படாமல் போவதும் அதே இடமாக இருப்பது எவ்வளவு விபரீதம்!

செய்யத்தக்கவை

வெயிலை முற்றிலும் மறந்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 13ஆம் அட்சரேகையில் இருக்கும் சென்னையில், சித்திரையில் ஒருமுறையும் ஆவணித் தொடக்கத்தில் ஒருமுறையும், ஏறத்தாழ ஏப்ரல் 25, ஆகஸ்ட் 18 ஆகிய நாட்களில், உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கிறது. அக்காலத்துப் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தாண்டுவது சகஜம். கோபாலபுரம் மைதானத்தில் நண்பகலில் கிரிக்கெட் ஆடும் சிறுவருக்கு அது ஒருவேளை வியர்வை மட்டுமே. நொச்சிக்குப்பத்து மீனவர், சாலைச் சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், கட்டடத் தொழிலாளி ஆகியோருள் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் இருப்பின், அவர்கள் காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையே குடையோ, அகன்ற விளிம்புத் தொப்பியோ, முழுக்கைச் சட்டையோ இன்றி நிற்கலாகாது. சற்று வெளுத்த மேனியுடையோரும், பிறவியிலேயே நிறமி அற்றோரும் கதிர்காப்புக் களிம்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் உறுப்பு மாற்றம் பெற்ற 120 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் நாள்தோறும் அக்களிம்பைத் தடவும்படி செய்து இரண்டு வருஷம் கண்காணித்ததில், தடவியவர்களில் எவருக்கும் செதிள் அணுப் புற்று எழவில்லை. மற்றப் பிரிவில் எட்டு எழுந்தன.

ஆயினும் வெயிலையே காணாமல் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது நமக்கு உகந்ததன்று. சிறுநீரக நோயாளிக்கு எலும்பு முன்பே நலிந்திருக்கிறது. வைட்டமின் டி குறைபாடு நம் நகரவாசிகளிடையே மிகுதி. காலை இளவெயிலில் நடப்பவரை நான் தடுக்க மாட்டேன்; அந்த வைட்டமினின் அளவை இரத்தத்தில் பார்த்துக் குறைந்திருந்தால் மாத்திரையால் ஈடுகட்டுமாறு சொல்வேன்.

அடுத்து, பார்த்தல். மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில், நிலைக்கண்ணாடியின் முன்னே, உடல் முழுவதையும் தாமே பார்த்துக்கொள்வதும், முதுகையும் உச்சந்தலையையும் கணவனோ மனைவியோ பார்த்துச் சொல்வதும் செலவில்லாத சிகிச்சை. உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், உதடு, வாயின் உட்புறம், பழந்தழும்பு, மறைவிடம் ஆகியவற்றை விட்டுவிடலாகாது. ஒரு மாதமாகியும் ஆறாத புண், தொட்டால் இரத்தம் கசியும் முண்டு, வேகமாய்ப் பெருக்கும் மரு, நிறமும் விளிம்பும் மாறிவரும் மச்சம், நகத்தில் புதிதாய் ஓடும் கருங்கோடு ஆகிய எதையும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பால் மூடக் கூடாது. நம் ஊரில் அத்தகைய களிம்புகளில் பல ஸ்டீராய்டு கலந்தவை, அவை நோயை மறைத்து வைத்தியரையும் ஏமாற்றும். வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோர் அதை நிறுத்தியே ஆக வேண்டும். உதட்டிலும் வாயிலும் அவர்களுக்கு அபாயம் மேலும் கூடுகிறது. சிறு துண்டு சதையெடுத்துப் பரிசோதிப்பதற்கு அஞ்ச வேண்டாம். ஆரம்பத்தில் கண்டுபிடித்த தோல் புற்றை வெட்டியெடுத்தால் பெரும்பாலும் அத்தோடு தீர்ந்தது.

இறுதியாக, மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இன்று நான் பேசியதைக் கேட்டுவிட்டு எவரேனும் வீட்டுக்குப் போய் ஒரு வேளை மாத்திரையைக் குறைத்துக்கொண்டால், இச்சொற்பொழிவு நன்மையைவிடத் தீமையே செய்ததாகும். பொருத்திய உறுப்பை உடல் தள்ளிவிடுவது சில நாட்களில் நேரும். தோல் புற்று வருவதற்கோ வருஷங்கள் ஆகும், வராமலும் போகலாம். மருந்தை மாற்றுவது சிறுநீரக வைத்தியர் ஒருவருடைய உரிமை. மாற்றுவதற்கு அவரிடம் வழியும் இல்லாமலில்லை: பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்து கிடைத்து, பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்த சுரேந்திர நாத் சேகல் என்னும் விஞ்ஞானியின் விடாமுயற்சியால் மருந்தாகிய சிரோலிமஸ், தோல் புற்று முன்பே வந்த 120 பேரிடம் ஐரோப்பாவில் பரிசோதிக்கப்பட்டது. 2012இல் வெளியான அதன் முடிவின்படி, பழைய மருந்திலேயே தொடர்ந்தவர்களில் 100க்கு 39 பேருக்கு மீண்டும் செதிள் அணுப் புற்று வந்தது; சிரோலிமஸுக்கு மாறியவர்களிலோ 22 பேருக்கே வந்தது. அதற்கும் பக்கவிளைவுகள் உண்டு. எல்லாருக்கும் அது பொருந்தாது. வைட்டமின் வகையைச் சேர்ந்த நிகோடினமைடு நல்ல பலன் தரும் என்று எழுந்த நம்பிக்கை, உறுப்பு மாற்றம் பெற்றவர்களைப் பொறுத்தவரை, 2023இல் வெளிவந்த ஆய்வினால் பொய்த்துப்போனதையும் சொல்லிவைக்கிறேன். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து அதை வாங்க வேண்டாம்.

நிர்வாகிகளே, மாற்றுச் சிகிச்சை மையங்களை நடத்துவோரே, உங்களிடம் எனக்கு மூன்று விண்ணப்பங்கள் உண்டு. முதலாவதாக, மாற்றுச் சிகிச்சைக்குப் பெயர் பதிந்த ஒவ்வொருவரையும் அறுவைக்கு முன்பே ஒருமுறை தோல் வைத்தியர் பார்க்கட்டும். அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை, ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமாக, திரையிட்ட அறையில் முழு உடலும் பார்க்கப்படட்டும். இரண்டாவதாக, நோயாளியின் கையில் கொடுக்கும் புத்தகத்தில் உப்பையும் தண்ணீரையும் பற்றி எழுதும் பக்கத்துக்குப் பக்கத்திலேயே உள்ளங்காலைப் பற்றியும் தழும்பைப் பற்றியும் நல்ல தமிழில் ஒரு பக்கம் இருக்கட்டும். மூன்றாவதாக, தமிழ்நாட்டில் உறுப்பு மாற்றம் பெற்றவர்களுக்கு எந்தத் தோல் நோய், எந்த இடத்தில், எத்தனையாம் வருஷத்தில் வந்தது என்பதை எல்லா மையங்களும் ஒரே ஏட்டில் பதியட்டும். குவீன்ஸ்லாந்தின் எண்களைக் கொண்டு நம்மவரை அச்சுறுத்துவதும், நம் நிறத்தைக் காட்டி அவர்களைக் கவலையற்றிருக்கச் செய்வதும் அந்த ஏடு எழுதப்படும்வரைதான் நடக்கும். அது எழுதப்பட்டபின், நம் நோயாளிக்கு நம் நோயாளியின் அனுபவத்தைக் கொண்டே ஆலோசனை சொல்லலாம்.